வேலங்குளத்துக்கு வந்த தோட்டம்

மழையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, கருவேலங்கட்டையை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த வேலங்குளத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டில்களும் அவசரத்துக்கு ஒதுங்கப் போகிறவர்கள் போட்ட தடங்களுமாகக் கிடந்த புறம்போக்கு நிலத்தில், ஒரு சித்திரை மாதத்து விடியற்காலையில் பூங்கா ஒன்று வந்து நின்றது. வந்து நின்றது என்றுதான் அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள், முளைத்தது என்று யாரும் சொல்வதில்லை. முளைக்கிற எதுவும் மெல்ல மெல்லத்தான் தலைகாட்டும், இதுவோ இரும்பு வேலியும் பச்சை வர்ணம் அடித்த வாசற்கதவும், சரிந்து இறங்கும் புல்வெளியும், பாத்தி பாத்தியாக ரோஜாவும், கொத்துக் கொத்தாய் நீலப் பூக்களும், சைப்ரஸ் மரங்களும், கண்ணாடி வீடும், நடுவில் நீரூற்றும், அதைச் சுற்றிப் பெஞ்சுகளுமாக, ஒரு பூங்காவுக்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தட்டையான அந்தப் பூமியில் தனக்கென்று ஒரு மேட்டையும் கொண்டு வந்து, வேலிக்கு உள்ளே மட்டும் மலைக்குளிரை வைத்துக்கொண்டு வந்து நின்றது.

முதலில் பார்த்தவள் ராக்காயி. பேருந்து நிலையத்தை ஒட்டி இட்லிக்கடை போட்டிருந்தவள். பால்காரன் கண் முன்னால் பாலைத் தொட்டு விரலில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பாத்திரத்தை நீட்டுகிறவள். யாராவது சிரித்துப் பேசினால், இவன் எதுக்குச் சிரிக்கிறான் என்று அன்றைக்கு முழுக்க யோசிக்கிறவள். கடைக்கதவைத் திறந்து பின்பக்கம் குப்பை கொட்டப் போனவள், கொட்ட இடமில்லாமல் ரோஜாப்பூவாக இருப்பதைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. குப்பைக்கூடையைத் திரும்ப உள்ளே கொண்டு வந்து வைத்து, மாவுப் பானையை மூடி, மகள் பஞ்சவர்ணத்தை எழுப்பி, "பின்னாடி என்னமோ வந்துருக்கு, நீ அங்கிட்டுப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பேரூராட்சித் தலைவர் தவசியைக் கூட்டிவரப் போனாள்.

அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி மகள் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஏஜெண்ட் வந்து, வெளிநாட்டில் வேலை, தங்க இடம் இலவசம், போக வர டிக்கெட்டும் இலவசம் என்று சொல்லி, அவள் புருஷனை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனான். புருஷன் ஜன்னல் வழியாகக் கையாட்டினான். அதோடு சரி. ஊருக்கும் அதே மாதிரிதான் பழக்கம். சும்மா கொடுத்த விதை என்று தாத்தன்மார் காலத்தில் வாங்கித் தூவியதுதான் இன்றைக்குக் கண்மாய், வயல், வாய்க்கால் எல்லாவற்றையும் தின்று நிற்கிற கருவேலமுள் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். அதனால் வேலங்குளத்தில் ஓசியில் எது வந்தாலும், இது பதிலுக்கு எதைக் கொண்டு போகும் என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

தவசி வந்தார், கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்தார்கள், லாரி டிரைவர்கள் பல் விளக்கிக்கொண்டே வந்தார்கள். ஊர் முழுக்க வேலி ஓரமாக நின்று, வேலியைத் தொடாமல் உள்ளே பார்த்தது. அப்போதுதான் அந்த வாசற்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். அறுபதை ஒட்டிய வயது, கம்பளிச் சட்டை, காதை மூடிய கம்பளித் தொப்பி, கையில் ஒரு துணிப்பை. கொளுத்தத் தொடங்கியிருந்த அந்த வெயிலில் காலடி வைத்ததும் அவள் நின்று, கூட்டத்தையும் கருவேல மரங்களையும் பேருந்து நிலையத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இங்க ஒரு டீக்கடை இருந்துச்சே?" என்றாள்.

அவள் பெயர் ஜெசிந்தா. திருச்சியில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பூங்கா பார்ப்பதே அவள் வழக்கம். அரண்மனைத் தோட்டம், அணைக்கட்டுத் தோட்டம், வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போன தோட்டம், ராணுவத்துக்காரர்கள் கயிறு பிடித்து நட்ட தோட்டம் என்று எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, ஒரு பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வருவாள். அப்படித்தான் மேற்கே பனிமுடி என்கிற மலையூருக்குப் போய், அங்கத்துப் பூங்காவில் விடியும்போதே நுழைந்து நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தரையிலிருந்து பனி எழும்பியது. திடீரென்று நீரூற்றுத் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று தொப்பியைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள். பிறகு சத்தம் திரும்ப வந்தது, பனி விலகியது, டீ குடிக்கலாம் என்று எழுந்து வெளியே வந்தாள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இதைத்தான் தவசியிடம் சொன்னாள், பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள், அதன் பிறகு கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு சொல் மாறாமல் சொன்னாள். ஒரு சொல்கூட மாறவில்லையே என்பதே ஊருக்கு முதல் சந்தேகமாகப் போயிற்று.

"கோயில் பார்க்கப் போனேன்னு சொல்லு, நம்புறேன்" என்றாள் ராக்காயி. "கடல் பார்க்கப் போனேன்னு சொல்லு, அதுகூட சரி. பூங்கா பார்க்க ஒருத்தி தனியா ஊரு விட்டு ஊரு போவாளா?"

"போவேன். போயிருக்கேன்."

"அங்க போயி என்ன செய்வ?"

"உட்கார்ந்திருப்பேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

சும்மா ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதை வேலங்குளத்தில் ஒருவரும் நம்பவில்லை. பூச்செடி திருடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இவள் பூந்தோட்டத்தையே திருடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். இல்லை, யாரோ பெரிய கம்பெனிக்காரன் இவளை முன்னால் அனுப்பியிருக்கிறான், பின்னாலேயே அவன் வருவான் என்றார்கள் வேறு சிலர். விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். எங்கே தங்க வைப்பது என்று கேள்வி வந்தபோது, வேறு யார் கண்காணிப்பையும் நம்ப முடியாமல், "என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்று ராக்காயி தன் கடைக்குப் பின்னறையைத் திறந்துவிட்டாள்.

அப்படியாக ஜெசிந்தா இட்லிக்கடையில் சட்னி அரைக்கத் தொடங்கினாள். படித்த பெண்மணி யாராக இருந்தாலும் டீச்சரம்மா என்றுதான் அந்த ஊரில் கூப்பிடுவார்கள், அவளையும் அப்படியே கூப்பிட்டார்கள். பிற்பகலில் கடை ஓய்ந்த நேரத்தில் மட்டும் அவள் பூங்காவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் தேங்காய் துருவும்போதும் தலை சீவும்போதும் தூங்கும்போதும் ராக்காயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவள் என்றைக்காவது ஒருநாள் அசந்து மறந்து மாட்டிக்கொள்வாள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

பூங்கா தண்ணீரைக் குடிக்கும் என்று பயந்து ஊர்க்காரர்கள் தினமும் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தார்கள். நீர்மட்டம் குறையவில்லை. குறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குறையாமல் இருந்தது அவர்களைத் தூங்கவிடவில்லை. அதற்குள் செய்தி பரவி வெளியூரிலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள், முதலில் மோட்டார் சைக்கிளில், பிறகு காரில், பிறகு சுற்றுலாப் பேருந்துகளில். முகவை மாவட்டத்து வெயிலில் வெந்துகொண்டு வந்தவர்கள் வாசற்கதவைத் தாண்டியதும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிச் சிரித்தார்கள். பத்திரிகைகளில் தமிழ்நாட்டில் பார்க்க வேண்டிய பூங்கா என்று போட்டார்கள். வேலங்குளத்துக்காரர்கள் வாசலில் நின்று கம்பளிச் சட்டை வாடகைக்குக் கொடுத்தார்கள், சூடாகக் கடலை வறுத்துக் கொடுத்தார்கள், ஐஸ்கிரீம்கூட விற்றுப் பார்த்தார்கள். ஊரில் ஓட்டுவீடுகள் மாடிவீடுகளாகத் தொடங்கின. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர்கூடக் காலெடுத்து வைக்கவில்லை. உள்ளே போய் வந்த வெளியூர்க்காரர்களை மட்டும் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்பார்கள். ஒன்றும் பண்ணவில்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், "இப்பத் தெரியாது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஆடி மாதம் புழுதிக் காற்று சுழன்றடித்த ஒருநாளில் பனிமுடிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் சதானந்தம், பூங்காக் கண்காணிப்பாளர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தங்கள் ஊரில் பூங்கா இருந்த இடத்தில் இப்போது வெறும் பாறையும் சேறும் கிடக்கிறது, விடுதிகளெல்லாம் காலியாகிவிட்டன, ஊரே பட்டினி கிடக்கிறது என்று அவர் தவசியிடம் சொன்னார். பிறகு உள்ளே ஓடி, ஒரு சைப்ரஸ் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வேலி ஓரம் நின்று பார்த்த வேலங்குளத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா நடிக்கிறான்" என்றார் ஒருவர்.

"மரத்துக்காக எவனாச்சும் அழுவானா? உள்ள எதையோ புதைச்சு வச்சிருக்காய்ங்க" என்றார் இன்னொருவர்.

சதானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தவசியின் முன்னால் நின்றார். "ஐயா, எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு நான் கேக்கல. போலீஸு, கேசுன்னும் போகல. கொண்டு வந்த மாதிரியே திருப்பிக் கொண்டாந்து வச்சிருங்க."

"நாங்க கொண்டு வரல. அதுவா வந்துச்சு."

"தோட்டம் தானா நடந்து வருமா?"

"வந்துருக்கே."

அதுவரைக்கும் அந்தப் பூங்கா எப்போது தொலையும் என்று காத்திருந்த ஊர், அந்த நிமிடத்திலிருந்து அதைக் காவல் காக்கத் தொடங்கியது. கேட்கிறார்கள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. இருக்கிறது என்றால் அது நம்முடையது. கரி ஏற்றும் லாரிகளில் கிடந்த இரும்புச் சங்கிலிகளைக் கொண்டு வந்து, ஒன்றோடொன்று கோத்து, வேலியைச் சுற்றிக் கட்டி, ஒரு நுனியைக் கருவேலம் தூரிலும் மறு நுனியைக் கரி பாரம் ஏற்றிய ஒரு லாரியிலும் பிணைத்துப் பூட்டுப் போட்டார்கள். வாசலுக்கு வலப்பக்கம் வேலங்குளத்து இளவட்டங்கள் கம்போடு நின்றார்கள். இடப்பக்கம் பனிமுடிக்காரர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தது. வேலங்குளத்துக்காரர்களிலும் மேலத்தெரு கீழத்தெருவைச் சந்தேகப்பட்டது, கீழத்தெருவில் அண்ணன் தம்பியைச் சந்தேகப்பட்டான். உள்ளே ரோஜாக்கள் பூத்துக்கொண்டே இருந்தன. காவல் காத்தவர்களில் ஒருவருக்கும் பூங்கா பக்கம் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் ராக்காயிக்குத் தன் மகளின் கை சில்லென்று இருப்பது தெரிந்தது. பஞ்சவர்ணம் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு, மாப்பிள்ளை யாரும் அம்மாவின் விசாரணையைத் தாண்டி வர முடியாததால், கடையில் அம்மாவுக்குத் துணையாக நின்றுவிட்டவள். போன் பேசினால் யாரு என்பாள் அம்மா, பேசாமல் இருந்தால் என்ன யோசனை என்பாள். ஒருநாள் பிற்பகல், தார் ரோடு உருகுகிற வெயிலில், மகள் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது விரல் பட்டது. குளத்துக்குள்ளிருந்து எடுத்த கூழாங்கல் மாதிரி குளிர்ந்திருந்தது. ராக்காயி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போனியா?"

பஞ்சவர்ணம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"யாருடி அவன்?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாம எதுக்குப் போற? கம்பளி வாடகைக்கு விடுற பயலா? மலைக்காரப் பயல்ல ஒருத்தனா?"

"யாருமே இல்லைன்னுதாம்மா போறேன்" என்றாள் பஞ்சவர்ணம். "அங்க ஒரு பெஞ்சு இருக்கு. உக்காந்தா யாரும் எங்க போன, எப்ப வந்தன்னு கேக்க மாட்டாங்க. சும்மா உக்காந்திருந்துட்டு வருவேன்."

ராக்காயி திரும்பி, அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவைப் பார்த்தாள். "நீ சொல்லிக் குடுத்ததா இது?"

"நான் சொல்லல" என்றாள் ஜெசிந்தா. "ஆனா தினமும் பார்க்கிறேன். உண்மையாவே அவ தனியாத்தான் உட்கார்ந்திருக்கா. வானத்தைப் பார்த்துக்கிட்டு."

அன்றிலிருந்து ராக்காயி மகளைக் கடையை விட்டு நகர விடவில்லை. அதற்குப் பிறகும் அடிக்கடி அவள் கையைத் தொட்டுப் பார்ப்பாள். சில நாள் சூடாக இருக்கும், சில நாள் எப்படியோ ஏமாற்றிவிட்டுப் போய் வந்திருப்பாள். சில்லிட்ட அந்தக் கையைப் பிடிக்கும்போது திட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் ராக்காயிக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தையும் அவள் சந்தேகப்பட்டாள்.

ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் பூங்காவில் கூட்டம் நெரிந்தது. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்திருந்தார்கள், ஒரு பேருந்து நிறைய வயதானவர்கள் வந்திருந்தார்கள். உச்சிவெயில் சாய்ந்த நேரம். ஜெசிந்தா வழக்கம்போல் நீரூற்றுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தரையிலிருந்து மெல்லப் பனி எழும்பியது. தண்ணீர் மேலே போய்க் கீழே விழுந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பும் கேட்கவில்லை.

ஜெசிந்தா எழுந்து ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடியவளை யாரும் பார்த்ததில்லை. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் குரல் திரும்ப வந்தது.

"போகப்போகுது! தோட்டம் கிளம்பப் போகுது! உள்ள இருக்கிறவங்களை வெளிய கூப்பிடுங்க!"

தவசி அவளைத் தடுத்து நிறுத்தினார். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நீங்க மட்டும் உள்ள போயிக் கிளப்பிக்கிட்டுப் போகலாம்னு பாக்குறீங்களா, டீச்சரம்மா?"

"இதெல்லாம் வேலங்குளத்துக்காரங்க போடுற நாடகம்" என்றார் சதானந்தம். "எங்களைக் கலைச்சுவிட்டுட்டு மறைக்கப் பாக்குறீங்க."

"உன் ஆளுதான்யா இவ!"

"உங்க ஆளு!"

கம்புகள் உயர்ந்தன. சங்கிலியை இழுத்துச் சரிபார்த்தார்கள், பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள், ஒவ்வொரு முகமும் அவளை ஏற இறங்கப் பார்த்தது. இரைச்சல் கேட்டு ராக்காயி கையில் எண்ணெய்க் கரண்டியோடு கடையிலிருந்து வந்தாள். கூட்டத்தை விலக்கி ஜெசிந்தாவின் முன்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். மாதக்கணக்காகச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, அவள் தூங்கும்போது இமை எப்படித் துடிக்கும், உப்பு கூடிய சட்னியை நன்றாயிருக்கிறது என்று மழுப்பும்போது உதடு எந்தப் பக்கம் கோணும் என்பது வரைக்கும் மனப்பாடமாகிவிட்டிருந்த முகம் அது. உலகத்தில் வேறு எந்த முகத்தையும், தன் மகள் முகத்தைக்கூட, ராக்காயி அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அந்த முகத்தில் எங்கேயும் பொய் இல்லை.

"ஏத்தா, நெசமா?" என்றாள்.

"பஞ்சவர்ணம் உள்ள இருக்கா, ராக்காயி."

ராக்காயி திரும்பி ஓடினாள். கடைக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, யாரையும் கேட்காமல், அத்தனை மாதம் வாசலோடு நின்றவள் ஒரே எட்டில் உள்ளே போனாள். உள்ளே அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை; ஆனால் எண்ணெய்க் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருகிற ஒரு பெண்ணுக்குக் குரல் தேவைப்படவில்லை. கல்யாண ஜோடிகள் மாலையோடு ஓடினார்கள். போட்டோக்காரர்கள் குடையை விட்டுவிட்டு ஓடினார்கள். வாசலில் நின்று ஜெசிந்தா வயதானவர்களைக் கைப்பிடித்து ஒவ்வொருவராக வெளியே இழுத்துவிட்டாள்.

பஞ்சவர்ணம் மேட்டின் உச்சியில், நீலப்பூச் செடிகளுக்குப் பக்கத்தில் அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராக்காயி மூச்சிரைக்க அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த உயரத்துக்குப் பனி இன்னும் ஏறவில்லை, பேச்சு கேட்டது.

"எந்திரி. இது கிளம்பப் போகுது."

"தெரியும்மா. டீச்சரம்மா ஓடுனதைப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?"

"ஆமா." பஞ்சவர்ணம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீ போம்மா. நான் வரல."

"எங்கிட்டுப் போகுதுன்னு தெரியாம?"

"தெரிஞ்சுட்டா நீ வந்து நிப்பியே."

ராக்காயிக்குக் கோபம்தான் வந்தது முதலில். இழுத்துக்கொண்டு போய்விட முடியும், அவ்வளவு பலம் அவளுக்கு இருந்தது. இட்லிக்கடைக்கு முன்னால் கரிமூட்டத்தில் கட்டை சுமந்த கை. அவள் இன்னொரு தரம் இழுத்தாள். மகள் திமிறவில்லை, அழவில்லை, இழுத்த பக்கம் உடம்பைத் தளர விட்டுக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அந்தக் கண்ணை ராக்காயி ரொம்ப நாள் கழித்துப் பார்த்தாள். அதில் ஒளித்து வைத்திருந்தது எதுவும் இல்லை. இத்தனை வருஷமும் இருந்ததில்லை. அவள் பிடியைத் தளர்த்தினாள்.

கீழே கூட்டம் வாசலுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் தன் கடை தெரிந்தது, அதன் தகரக்கூரையும், அதன் மேல் காய்ந்துகொண்டிருந்த வடகமும். எப்போதும் அங்கிருந்து இங்கே பார்த்தவள், இங்கிருந்து அங்கே பார்த்தாள். பிறகு கரண்டியைப் புல்லில் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு சில்லென்று இருந்தது.

"ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்" என்றாள். "எங்க போன, எப்ப வந்தன்னு கேக்க மாட்டேன்."

பஞ்சவர்ணம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வாசலில் கடைசிப் பெரியவரை வெளியே விட்டுவிட்டு ஜெசிந்தா மேட்டைப் பார்த்துக் கையை வீசினாள். "ராக்காயி! வாங்க! வந்துருங்க!"

மேட்டிலிருந்து ராக்காயி எழுந்து நின்று, பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்: "அடுப்ப அணைச்சுட்டேன்! மாவு கரைச்சு வச்சிருக்கேன், பொங்கிரும், பாத்துக்க!"

ஜெசிந்தா உள்ளே ஓடப் போனாள். காலை எடுத்து வைத்த இடத்தில் வாசற்படி இல்லை, வெறும் மண் இருந்தது. பனி என்று தோன்றியது புழுதியாக இருந்தது. மேடு இல்லை, கண்ணாடி வீடு இல்லை, மரம் இல்லை. சங்கிலி மட்டும் பூட்டியது பூட்டியபடி, ஒரு கண்ணிகூட அறாமல், ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றித் தரையில் கிடந்தது. கரி லாரி நின்ற இடத்திலேயே நின்றது.

சதானந்தம் சங்கிலியைத் தாண்டி அந்த மண்ணில் கொஞ்ச தூரம் நடந்து போய், சைப்ரஸ் நின்ற இடம் என்று அவர் நினைத்த இடத்தில் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் தன் ஆட்களோடு ஏதோ ஒரு திசையில் தேடிக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

ராக்காயிதான் தோட்டத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் முடிவாயிற்று. ஆரம்பத்திலிருந்தே அவள் திட்டம் அதுதான், அதனால்தான் டீச்சரம்மாவைக் கூடவே வைத்துக்கொண்டாள் என்று சொன்னார்கள். கொஞ்ச காலம் கழித்து, வடக்கே சரக்கு ஏற்றிப் போய் வந்த ஒரு லாரி டிரைவர், எங்கேயோ ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் பெரிய தோட்டம் ஒன்றைப் பார்த்ததாகவும், அங்கே ஒரு அம்மா புரியாத பாஷைக்காரர்களுக்கு இட்லி ஊற்றிக்கொண்டு இருந்ததாகவும், பக்கத்தில் ஒரு பெண் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்ததாகவும் சொன்னார். அவர் எதற்கு இதைச் சொல்கிறார் என்று ஊர் யோசித்தது.

இன்ஸ்பெக்டர் ஜெசிந்தாவை, நீங்கள் போகலாம் என்றார். அவள் போகவில்லை. முதல்நாள் கரைத்து வைத்த மாவு வீணாகக் கூடாது என்று இட்லி ஊற்றினாள், மறுநாளுக்கு அரிசி ஊறப்போட்டாள், அதற்கடுத்த நாளும் அப்படியே ஆயிற்று. கடைக்கு ஆட்கள் வந்தார்கள். சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

பூங்கா நின்ற இடத்தில் கருவேலமுள் திரும்ப முளைக்கவில்லை. மண் ஈரமாகவே கிடந்தது. ஒருநாள் சாயங்காலம், வெயில் தணிந்த நேரத்தில், தவசி தனியாகச் சங்கிலியைத் தாண்டி உள்ளே போய் நின்றார். அவரைப் பார்த்து அவர் என்ன எடுக்கப் போகிறார் என்று வேவு பார்க்க நாலு பேர் போனார்கள், அந்த நாலு பேரைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். எடுக்க அங்கே எதுவும் இல்லை. தோட்டம் இருந்த காலமெல்லாம் வாசலில் நின்றவர்கள், வெறும் மண்ணில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு ஜெசிந்தாவும் வந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள்.

தவசி தொண்டையைச் செருமினார். அவளை அவர் எத்தனையோ தரம் விசாரித்திருக்கிறார், எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள், எங்கே போயிற்று என்று. இப்போது அவர் கேட்டது வேறு.

"உள்ள எப்படி இருந்துச்சு, டீச்சரம்மா?"

ஜெசிந்தா கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு நீரூற்று நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். புல்வெளியில் காலையில் பனித்துளி எப்படி நிற்கும் என்று தொடங்கினாள், கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற பச்சை வாசனையைச் சொன்னாள், பூக்களின் நீலம் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் மாறும் என்றாள்.

"பூ நிறம் மாறுமாக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இழுத்தது. "ஏதோ கதை விடுறாக."

"விட்டா விடட்டும்டா, சும்மா கெட" என்றார் தவசி. "நீங்க சொல்லுங்க. நிறுத்தாம சொல்லுங்க."